7. குளத்துப் பச்சையும் தொட்டிப் பச்சையும்

மீன் வளர்ப்பில் பாதிக்கு மேல் செலவு தீவனத்துக்கே போகிறது. அதனால் பாசித் தீவனம் என்று காதில் விழுந்ததும் குட்டை வைத்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, புண்ணாக்கை நிறுத்திவிடலாமா என்பதுதான். முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குருபரப்பள்ளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் பத்து சென்ட், இருபது சென்ட் குட்டை வைத்துக் கெண்டையோ திலேப்பியாவோ வளர்ப்பவருக்கு நுண்பாசி இரண்டே இடங்களில் காசு மிச்சப்படுத்தும். ஒன்று, குட்டைத் தண்ணீரிலேயே தானாக வளரும் பச்சை. மற்றொன்று, குஞ்சு வளர்க்கும் முதல் இரண்டு மாதம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, வளர்ந்த மீனுக்குப் பாசித் தூள் வாங்கிப் போடுபவர் மீனை விற்றுத் தூளுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரு நாட்டுக் கடலில் பிடிக்கும் நெத்திலி வகை மீன்தான் உலகத்தின் மீன்தூளுக்கும் மீன் எண்ணெய்க்கும் முக்கிய மூலம். சால்மன் வளர்ப்பவர்களுக்கு அந்த எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு இல்லாமல் முடியாது. அதற்கு மாற்றாகத்தான் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2019இல் வெராமாரிஸ் நிறுவனம் பெரிய ஆலை திறந்து, ஸ்கைசோகைட்ரியம் என்ற நுண்ணுயிரிலிருந்து எண்ணெய் எடுக்கிறது. நம் ரோகுவும் திலேப்பியாவும் நன்னீர் மீன்கள். தாவர எண்ணெயில் இருக்கும் கொழுப்பிலிருந்து தமக்கு வேண்டிய ஒமேகா-3ஐ ஓரளவு தாமே உண்டாக்கிக்கொள்ளும். அதனால் சால்மனின் கணக்கு நமக்குப் பொருந்தாது. திலேப்பியாவுக்கென்றே நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் பல்லப் சர்க்கார் குழுவினர், எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சிய நானோகுளோராப்சிஸ் பாசிச் சக்கையையும் ஸ்கைசோகைட்ரியத்தையும் வைத்து, மீன்தூளும் மீன் எண்ணெயும் சேராத தீவனம் செய்தார்கள். அதைத் தின்ற மீன்கள் வழக்கமான தீவனம் தின்றவற்றைவிட நன்றாக வளர்ந்தன என்று 2020இல் வெளியிட்டார்கள். அறிவியலாக இது முடியும். குருபரப்பள்ளியில் எந்த அளவுக்குக் கட்டுப்படியாகும் என்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் குட்டை

மாந்தோப்புக்கு நீர் தேக்க வெட்டிய பண்ணைக்குட்டையில் மீன் விடுபவர்களே இந்தப் பக்கம் அதிகம். தண்ணீர் தெளிவாக இருந்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி. மீனுக்கு அது பட்டினி. கையை முழங்கை வரை தண்ணீரில் நேராக இறக்குங்கள். முழங்கை நனையும்போது விரல்நுனி மங்கி மறைய வேண்டும். அது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் ஆழம். மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே விரல்கள் மறைந்தால் பச்சை அளவுக்கு மீறிவிட்டது. தோள் வரை போயும் விரல் தெரிந்தால் உரம் போதவில்லை. மழைக்குப் பிறகு இந்தச் சோதனை ஏமாற்றும். நம் செம்மண் கரைந்து வந்து தண்ணீரைக் கலக்கிவிடும். கண்ணாடித் தம்ளரில் மொண்டு அரை நாள் வையுங்கள். மண் அடியில் படியும், பச்சை அப்படியே நிற்கும்.

பச்சை வரவழைக்க எளிய அளவு இது. பத்து சென்ட் குட்டைக்குச் சுண்ணாம்பு 8 முதல் 10 கிலோ. ஒரு வாரம் கழித்துப் பச்சைச் சாணம் 80 கிலோ, கரைத்து ஓரங்களில் ஊற்ற வேண்டும். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாணம் 13, 14 கிலோ. அதற்கு இடைப்பட்ட வாரத்தில் சூப்பர் பாஸ்பேட் 400 கிராம், யூரியா 300 கிராம். இரண்டையும் முதல் நாளே ஊறவைத்துக் கரைசலாகத் தெளிக்க வேண்டும். மூட்டையாகக் கொட்டினால் அடியில் போய்க் கட்டிப்போகும். தார்ப்பாய் விரித்த குட்டையில் சத்தைப் பிடித்துவைக்க மண் இல்லை. அங்கே இதே அளவை இரண்டாகப் பிரித்து வாரத்துக்கொருமுறை கொடுங்கள். தார்ப்பாய்மேல் அரை அடி மண் பரப்பியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பகலில் பிராணவாயுவைத் தரும் அதே பாசி, இரவில் அதை இழுத்துக்கொள்ளும். பச்சை மிகுந்த குட்டையில் விடியற்காலை நாலு மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன என்றால் உடனே புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள், அன்றைக்குத் தீவனமும் உரமும் வேண்டாம். மூன்று நாள் வானம் மூட்டமாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். நூல் நூலாகத் திரண்டு மிதக்கும் பாசியும், வண்ணப்பூச்சு கொட்டியதுபோல் காற்றடிக்கும் ஓரத்தில் ஒதுங்கும் ஏடும் தீவனமாகாது. நூல்பாசியை வலையால் வாரி எறியுங்கள். ஏடு பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் வகை. அது நஞ்சும் சுரக்கக்கூடும். அத்தகைய தண்ணீரில் வளர்ந்த மீனில் மண்வாடையும் ஏறும். கிருஷ்ணகிரி அணைப் பக்கத்து மீன் வறுவல் கடைக்காரர் ஒருமுறை அந்த வாடையைப் பிடித்துவிட்டால் அடுத்த முறை உங்கள் மீனைத் தொடமாட்டார்.

எந்த மீன் எந்தப் பச்சையைத் தின்னும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கட்லா மேல்மட்டத்தில் நுண்விலங்குகளைத் தேடும். அவை பாசியைத் தின்று வளர்ந்தவை. வெள்ளிக்கெண்டை நேரடியாகப் பாசியை வடிகட்டித் தின்னும். கெண்டைகளுக்கு இரைப்பையே கிடையாது, குடல் மட்டும்தான். திலேப்பியாவுக்கு இரைப்பை உண்டு. அதில் சுரக்கும் அமிலத்தின் பி.எச். 2க்கும் கீழே இறங்கும். நீலப்பச்சைப் பாசியின் சுவரையே அது உடைத்துவிடும். பச்சைத் தண்ணீரில் கெண்டையைவிடத் திலேப்பியாவுக்கு லாபம் அதிகம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

கிருஷ்ணகிரி அணை அருகே மீன்வளத்துறைப் பண்ணையில் கிஃப்ட் திலேப்பியா குஞ்சு உற்பத்தி நடக்கிறது. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தெரிவு இனப்பெருக்கத்தில் வந்த ரகம் அது. வளர்க்க விரும்புபவர் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நாடு முழுவதும் தடை. கோழிக் கழிவு போட்டால் வளர்ந்துவிடும் என்று யார் ஆசை காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தொட்டி: ஏன் சுருள்பாசி

குளோரெல்லா, செனடெஸ்மஸ் என்று பெயர்கள் பல அடிபடும். அவற்றின் உயிரணுச் சுவர் தடித்தது. இரைப்பை இல்லாத கெண்டைக் குஞ்சு அதை உடைக்கத் திணறும். ஸ்பைருலினா என்னும் சுருள்பாசிக்கு அந்தத் தடித்த மரநார்ச் சுவர் இல்லை. காய்ந்த எடையில் 55 முதல் 65 சதவீதம் புரதம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீளமான சுருள் என்பதால் துணியில் வடிகட்டலாம். குளோரெல்லாவை வடிகட்ட இயந்திரம் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1977இல் சென்னையில் தொடங்கிய முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி தலைமையில் கிராமத்துத் தொட்டிகளிலேயே சுருள்பாசி வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். மைசூரின் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வகமும் அதே காலத்தில் மலிவான ஊட்டக் கரைசலைத் தந்தது. பிறகு புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் பெரிய பண்ணையே வைத்தது. இவை எல்லாமே மனிதர் உண்ணும் மாத்திரைக்கும் தூளுக்கும் ஆனவை. அந்தத் தரத்துக்கு உலர்த்தி, அரைத்து, பொட்டலம் கட்டி வரும் தூள் கிலோ பல நூறு ரூபாய். மீனுக்கு அந்த வேலைகளில் பாதி தேவையில்லை. உலர்த்தாமல் ஈரமாகவே பிசைந்து போடலாம். நமக்குக் கட்டுப்படியாகும் வழி அந்த ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். பத்து சென்ட் குட்டையில் ஆண்டுக்கு 250 கிலோ மீன் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ தீவனம் வேண்டும். அதில் 5 சதவீதம் சுருள்பாசி என்றால் 25 கிலோ. மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வீட்டுத் தொட்டி, வெயில் நன்றாக இருக்கும் மாதத்தில் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 6 கிராம் என்று வைத்தாலும் 27 கிராம்தான் தரும். மாதம் 800 கிராம். 25 கிலோவுக்கு அது எட்டாது. அதே தொட்டியைக் குஞ்சு வளர்ப்புக்கு வையுங்கள். ஓர் அங்குலக் குஞ்சு 2000 வாங்கி, இரண்டு மாதத்தில் விரலளவுக்கு, சுமார் 10 கிராம் எடைக்குக் கொண்டுவர 20 முதல் 25 கிலோ தீவனம் போதும். அதில் 5 சதவீதம் ஒன்றேகால் கிலோ. தொட்டி அதைத் தாராளமாகத் தரும். குஞ்சுகளில் இழப்பைக் குறைப்பதுதான் ஆண்டு முழுவதுக்கும் லாபம் என்பதால் விலை உயர்ந்த பொருளை அங்கே வைப்பது நியாயம்.

தண்ணீரும் உரமும்

சுருள்பாசி ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். கழிவுநீர் சுத்திகரிக்க அதைப் பயன்படுத்த ஆராய்வதே அந்தக் குணத்தால்தான். ஆகவே எந்தத் தண்ணீர் என்பது முதல் முடிவு. பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நீர் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். சிப்காட் வளாகத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள், ஆலையின் வெளியேற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாசிக்கு எடுக்கக் கூடாது. தொட்டியை நெடுஞ்சாலைப் புழுதி விழாத பக்கம் வையுங்கள்.

போர் தண்ணீருக்கு வேறு சிக்கல். நம் மாவட்டத்தின் பல ஊர்களில் அதில் ஃபுளோரைடு கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கடினத்தன்மையும் அதிகம். தொட்டியில் காரம் ஏறும்போது சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து, கூடவே பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். பாசி வெளுக்கும், காரணம் புரியாமல் உரத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். கூரையில் விழும் மழைநீரைச் சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்துவைத்தால் இந்தத் தலைவலி இல்லை. வழியில்லையென்றால் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து முடிவைப் பார்த்தபின் தொடங்குங்கள்.

செங்கல்லைத் தேவையான உயரத்துக்கு அடுக்கி, உள்ளே சில்பாலின் விரித்தால் தொட்டி தயார். சிமெண்ட் தேவையில்லை. நீர் ஆழம் 20 சென்டிமீட்டர், மொத்தம் 900 லிட்டர். அதற்கு ஆப்ப சோடா 7.2 கிலோ, கல்லுப்பு 4.5 கிலோ, பொட்டாசியம் நைட்ரேட் 1.8 கிலோ, பொட்டாசியம் சல்பேட் 900 கிராம், மெக்னீசியம் சல்பேட் 145 கிராம், மோனோ அம்மோனியம் பாஸ்பேட் 72 கிராம், இரும்பு சல்பேட் 4 அல்லது 5 கிராம். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் சல்பேட், மோனோ அம்மோனியம் பாஸ்பேட் மூன்றும், தக்காளிக்கும் ரோஜாவுக்கும் சொட்டுநீரில் விடும் 13-0-45, 0-0-50, 12-61-0 உரங்கள்தான், அதே வரிசையில். ராயக்கோட்டை, சூளகிரி உரக்கடைகளில் கேட்டால் கிடைக்கும். நீரில் முழுதாகக் கரையும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஆப்ப சோடாவுக்குப் பதில் வாஷிங் சோடா கொட்டினால் முதல் நாளே காரம் ஏறி விதைப்பாசி செத்துவிடும்.

உயிருள்ள விதைப்பாசியை நம்பகமான பண்ணையிலோ ஆய்வகத்திலோ வாங்குங்கள். ஐந்து லிட்டரை வாங்கி வந்து 900 லிட்டரில் ஊற்றினால் வெயில் எரித்துவிடும். வாளியில் பத்து லிட்டராக்கி, அது கரும்பச்சையானதும் இருபது, பிறகு நாற்பது என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். தொட்டிக்கு வர மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரங்களில் பாதி நிழல் தரும் வலை கட்டுங்கள். நாளுக்கு நாலு ஐந்து முறை மெதுவாகத் துடைப்பத்தால் கிளறுங்கள். கொசுவலை மூடி அவசியம், இல்லாவிட்டால் ஈப்புழு வந்துவிடும்.

காரத்தைப் பி.எச். தாளில் பாருங்கள். தொடக்கத்தில் எட்டரைக்குப் பக்கம் இருக்கும். பாசி பிடித்தபின் பத்தை நெருங்கும். அந்த உயரத்தில் வேறு பாசிகள் நுழைய முடியாது. அதுவே சுருள்பாசிக்குக் காவல்.

இங்கே வெப்பநிலைதான் எனக்குக் கவலை. சுருள்பாசிக்குப் பிடித்தது 35 டிகிரி. 20க்குக் கீழே வளர்ச்சி நின்றே போகும். நம் பக்கம் மார்கழி, தை இரவுகள் அதற்கும் கீழே இறங்கும். ஓசூர் மேட்டில் இன்னும் குளிர். அதைவிட மோசம், குளிர்ந்த தொட்டியில் காலைச் சூரியன் பளிச்சென்று விழுவது. பாசி வெளுத்துச் சிதையும். பழைய பாலிஹவுஸ் தாளால் இரவில் மூடி, வெயில் ஏறித் தண்ணீர் சூடாகும் வரை நிழல் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றலாம், அறுவடை எதிர்பார்க்கக் கூடாது. நல்ல வேளையாகக் கெண்டைக் குஞ்சு கிடைப்பது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அப்போது தொட்டியும் வேலை செய்யும். பங்குனியில் தொடங்கி ஐப்பசியில் நிறுத்துவது நம் ஊருக்குச் சரி.

அறுவடையும் பிசைதலும்

ஒரு குச்சியின் நுனியில் வெள்ளை மூடியை ஒட்டித் தொட்டியில் இறக்குங்கள். 3 சென்டிமீட்டருக்குள் மூடி மறைந்தால் எடுக்கலாம். 5 சென்டிமீட்டரில் மறையும் நிலை வந்ததும் நிறுத்துங்கள். மிச்சம்தான் நாளைய விதை. காலையில் எடுப்பதில் புரதம் அதிகம். முதலில் சாதாரணக் கொசுவலைத் துணியில் பூச்சிகளைப் பிரித்து, பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்காரர்கள் பயன்படுத்தும் நெருக்கமான பாலியெஸ்டர் துணியில் வடிகட்டுங்கள். வடிந்த கரைசல் தொட்டிக்கே திரும்பட்டும். துணியில் நின்ற களிம்பை நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி, பிழிந்தால் பச்சை மாவு கிடைக்கும். அதன் ஐந்து கிலோ, காய்ந்த ஒரு கிலோவுக்குச் சமம். வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் நாறும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும்.

எடுத்த ஒவ்வொரு கிலோ காய்ந்த எடைக்கும் 13-0-45 உரம் 1.4 கிலோவும் 12-61-0 உரம் 50 கிராமும் தொட்டிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே 0-0-50, மெக்னீசியம் சல்பேட் ஒவ்வொன்றும் ஒரு பிடி, இரும்பு சல்பேட் ஒரு சிட்டிகை. இந்த உரச் செலவே ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கின் விலையைத் தாண்டும். வளர்ந்த மீனுக்கு இதைப் போடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு வேறு விளக்கம் வேண்டாம். யூரியா மலிவு என்று மாற்றிப் போட்டால், காரத் தண்ணீரில் அம்மோனியாவாகி ஒரே நாளில் தொட்டி காலியாகும்.

பத்து கிலோ குஞ்சுத் தீவனத்துக்கு அளவு: கடலைப் புண்ணாக்கு 4.5 கிலோ, எண்ணெய் எடுத்த தவிடு 3 கிலோ, மீன்தூள் 1 கிலோ, கேழ்வரகு மாவு 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சுருள்பாசி ஈரமாக 2.5 கிலோ. இதில் புரதம் சுமார் 32 சதவீதம் வரும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தொடாதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் குஞ்சின் கல்லீரலைக் கெடுக்கும், பாசி அதைச் சரிசெய்யாது. கேழ்வரகைக் களி பதத்துக்குக் கிண்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதன் பிறகே பச்சை மாவைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் நிறச்சத்தும் வைட்டமினும் போய்விடும். களிதான் ஒட்டுப்பசை. கடையில் பசை வாங்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பிசைந்து இடியாப்ப உரலில் பிழிந்து, நிழலில் காயவைத்து, நொறுக்கிச் சலித்துக் குஞ்சின் வாய்க்கு ஏற்ற அளவில் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்துவைக்க வேண்டாம். நாளொன்றுக்குக் குஞ்சுகளின் மொத்த எடையில் 5 முதல் 8 சதவீதம், இரண்டு வேளையாக.

விரால் வளர்ப்பவருக்கு இந்த அத்தியாயம் அவ்வளவாகப் பயன்படாது. அது ஊன் தின்னி. பங்காசியஸ் வளர்ப்பவருக்கும் வேண்டாம், நிறச்சத்து ஏறித் தசை மஞ்சளானால் வியாபாரி விலையைக் குறைப்பார். மாறாக, தங்கமீன், கோய் போன்ற அலங்கார மீன் வளர்ப்பவருக்கு அதே நிறச்சத்துதான் லாபம். பக்கத்தில் பெங்களூரு சந்தை இருக்கும்போது, தொட்டியில் மிஞ்சும் பாசியை உலர்த்தி அலங்கார மீனுக்குக் கொடுப்பதே இந்த வட்டாரத்தில் நல்ல விலை தரும் வழி என்பது என் கணிப்பு.

இரண்டாவது தொட்டி கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே குட்டையில் பக்கம் பக்கமாக இரண்டு ஹாப்பா வலை கட்டி, எண்ணிக்கையும் எடையும் சமமாகக் குஞ்சு விடுங்கள். ஒன்றுக்குப் பாசி சேர்ந்த தீவனம். மற்றொன்றுக்கு அதே கலவையில் பாசிக்குப் பதில் அதே புரத அளவுக்குப் புண்ணாக்கு. ஆறு வாரம் கழித்து எடையை மட்டும் பார்க்காமல் எத்தனை குஞ்சு பிழைத்தன என்று எண்ணுங்கள். பாசி பெரும்பாலும் அந்த எண்ணிக்கையில்தான் வேலையைக் காட்டும். முடிவைக் குறித்துக்கொண்டு பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்திலோ எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிப் பேசினால், உங்கள் தண்ணீருக்கு ஏற்றபடி அளவை மாற்றிக்கொள்ளலாம்.

ஐப்பசியில் தொட்டியைக் காலி செய்யும்போது, அந்த உப்புக் கரைசலை மாமரத்தடியில் ஊற்றிவிடாதீர்கள். சோடியம் ஏறி மண் இறுகிவிடும். ஒரு நாளைக்கு நாலு குடம் என்று மீன் குட்டையிலேயே கலந்துவிடலாம். பத்து சென்ட் குட்டையின் தண்ணீருக்கு அது பெரிய உப்பல்ல, மிச்சமிருக்கும் உரமும் குட்டைப் பச்சைக்கு ஆகும். விதைப்பாசியில் இரண்டு கேன் மட்டும் எடுத்து, வீட்டுக்குள் வெளிச்சம் விழும் சன்னலோரம் வைத்து, தினமும் குலுக்கிவிட்டால் பங்குனி வரை தாங்கும்.